வழிப்பயணமும் அடுப்பும்

பயணம் என்றவுடன் வண்டியையும் வழியையும் நினைக்கிறோம், அடுப்பை நினைப்பதில்லை. வழியில் உண்ட சோறு எந்த எரிபொருளால் வெந்தது, அதற்கு என்ன செலவாயிற்று என்று வினவினால் வரலாற்றின் ஒரு கூறு நமக்குப் புலனாகும்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் பழைய பெருவழிகள் கடந்து செல்லும் நிலம். சோழ நாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியிலுள்ள கொடும்பாளூரைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. அவ்வூரில் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழு விளங்கியதைக் கல்வெட்டுகளால் அறிகிறோம். கிழக்கே இராமேசுவரம் செல்லும் கடலோர வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்துச் சத்திரங்கள் இருந்தன. சமைத்த சோற்றை ஏற்காத யாத்திரிகருக்கு அச்சத்திரங்களில் அரிசி முதலியன வழங்குவதுண்டு. அவர்கள் விறகு மூட்டித் தாமே சமைத்துக்கொண்டனர். விறகு எரிந்தபின் எஞ்சுவது சாம்பலே. திருப்பிச் சுமக்க வேண்டிய கலம் எதுவும் இல்லை.

எரிவாயு வந்தபின் இக்கணக்கு மாறிற்று. 1955ஆம் ஆண்டு பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் அதனை உருளையில் அடைத்து விற்கத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியன் ஆயிலின் 'இண்டேன்' வந்தது. ஒரு கிலோ எரிவாயு, திறந்த அடுப்பில் எரியும் பத்துக் கிலோ விறகுக்குக் குறையாத பயன் தரும். ஆயினும் எரிபொருளோடு எஃகுக் கலத்தையும் சுமக்க நேர்ந்தது. 14.2 கிலோ எரிவாயு அடங்கிய வீட்டு உருளையின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ ஆகும்.

இன்று சமையற்கட்டோடு கூடிய கேரவன் வண்டியில் செல்வோர் எந்த உருளையைக் கொள்வது? விலையை எரிவாயுவின் எடையால் வகுத்தால் கிலோ ஒன்றின் விலை கிடைக்கும். வீட்டுச் சமையலுக்குரிய விலையை அரசு கட்டுப்படுத்துவதால் 14.2 கிலோ உருளையே மலிவாகத் தோன்றும். ஆனால் அது வீட்டுக்கு உரியது. 19 கிலோ உருளை வணிகப் பயனுக்குரியது. 2013ஆம் ஆண்டு முதல் சந்தை விலையில் விற்கப்படும் 5 கிலோ உருளையில் கிலோ விலை வீட்டு உருளையினும் மிகுதி, தூக்குவதற்கோ எளிது. பயணத்துக்கு 4 கிலோ போதுமென்று கொள்வோம். 19 கிலோ உருளை வாங்கினால் தேவையற்ற 15 கிலோவை ஊர் ஊராகச் சுமப்போம். முன்வைப்புத் தொகை தனிக் கணக்கு. உருளையைத் திருப்பித் தந்தால் மீள்வதாதலின் அதனைச் செலவோடு சேர்த்தல் ஆகாது.

இக்கணக்கில் எழுதப்படாத வரி ஒன்றுண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்களின் ரயில் பெட்டி மதுரை நிலையத்தருகே நின்றபோது தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே கொணர்ந்த எரிவாயு உருளையே காரணம் என்று ரயில்வே அறிவித்தது. வழியில் உணவுக்காகும் பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணம் எளியோர்க்கு இயல்பே; அதனை இகழலாகாது. ஆயினும் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் தரையில் தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும். ஆதலின் வண்டியில் உருளை நிமிர்ந்து நிற்கவும், தரைமட்டத்தில் காற்று வெளியேறவும் வழி வேண்டும். அவ்வழியில்லாத இடத்தில் எவ்வளவு மலிவான உருளையும் மலிவன்று.

மாணவர்களே, விலையை ஒப்பிடும்போது பணம், சுமை, ஆபத்து ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வணிகக் கூட்டங்கள் நடந்த இம்மண்ணில் பிறந்த நமக்கு, கணக்கை முழுமையாகப் போடுதல் கடமையாகும்.