ரோதை முனியும் கற்பெண்களின் ஆலையும்

டேவ் ஆர்னசன் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு வார இறுதி முழுக்க டிவியில் பழைய பேய்ப்படங்களைப் பார்த்தார், கொனன் கதைகளை வாசித்தார், வயிறு முட்ட பொப்கோர்ன் சாப்பிட்டார். அந்த மயக்கத்தில்தான் ஒரு கோட்டையும் அதுக்குக் கீழே இருட்டுச் சுரங்கங்களும் அவர் மண்டையில் உதித்தன. இது பின்னாளில் அவரே சொன்ன கதை. காலம் 1970களின் தொடக்கம், இடம் மினசோட்டா. அந்தக் கோட்டைக்குப் பேர் பிளாக்மூர். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1974இல் ஆர்னசனும் கேரி கைகக்ஸும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்'. இன்றைக்கு உலகம் முழுக்க ஆடப்படுகிற ரோல் ப்ளேயிங் கேம் எல்லாத்துக்கும் மூத்த அண்ணன் இதுதான்.

ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமா: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். "கதவு பூட்டியிருக்கு, உள்ளே யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது, என்ன செய்யப்போறீங்க?" என்பார். நீங்கள் சொல்வதும் உருட்டுகிற பகடையும் சேர்ந்து மிச்சத்தைத் தீர்மானிக்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை. கரண்ட் போனாலும் ஆடலாம், எங்களுக்கு அது பெரிய வசதி.

இந்த விளையாட்டுகள் ஐரோப்பியப் பேய்ப்படங்களிடம் பட்ட கடன் கொஞ்சநஞ்சமில்லை. ஆர்னசனின் மேசையில் 'சேர் ஃபாங்' என்று ஒரு இரத்தக்காட்டேரி. ஒரு ஆட்டக்காரரே எடுத்துக்கொண்ட பாத்திரம் அது. யாராலும் அடக்க முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அதை மடக்க இன்னொருவரிடம் ஒரு பாதிரியார் வேடத்தைக் கொடுத்தார்கள். அதற்கு மாதிரி, லண்டனின் ஹாமர் கம்பனி 1958இல் எடுத்த 'டிராகுலா'வில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங். சிலுவையைத் தூக்கிப் பிடித்துக் காட்டேரியை விரட்டும் அந்த வேடம்தான் 'கிளெரிக்' ஆகி இன்றும் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. 1983இல் ட்ரேசி ஹிக்மனும் லோரா ஹிக்மனும் 'ரேவன்லொஃப்ட்' எழுதினார்கள். அதில் காட்டேரி ஏதோ ஒரு அறையில் சும்மா காத்திருக்கிற மிருகமில்லை. அவன் அந்த நிலத்தின் பிரபு. மலைமுகட்டில் கோட்டை, கீழே ஊர். ஊரின் ஆட்கள் அவனுடைய ஆட்கள், அவர்களுடைய இரத்தம் அவனுடைய சாப்பாடு.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வளர்ந்த யாருக்கும் அந்த வரைபடத்தை விளக்கத் தேவையில்லை. மேலே துரை பங்களா, இடையில் ஸ்டோர், கீழே லயம். பங்களாவுக்குப் போகும் பாதையில் பூச்செடி, லயத்துக்குப் போகும் பாதையில் சேறு. ரேவன்லொஃப்டை முதல்தடவை ஆடியபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. பழக்கமான ஊராக இருந்தது.

ஆனால் எங்களுக்கு உண்மையில் உதவியது டிராகுலா இல்லை. அவ்வளவாகப் பேசப்படாத மூன்று படங்கள். மூன்றிலும் பேய் ஒரு வேலைத்தலத்தில் இருக்கிறது.

முதலாவது, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியடோர் ட்ரையர் பிரான்சில் எடுத்த 'வம்பீர்', 1932. பேசும்படம் என்றுதான் பேர், பேச்சு அரிது. பனிமூட்டத்துக்குள் எடுத்த மாதிரி எல்லாம் மங்கல். நுவரெலியாவில் டிசம்பர் காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும். அதில் காட்டேரிக்குக் கையாளாக ஒரு டொக்டர் வருகிறார். நோயாளியைக் காப்பாற்ற வேண்டியவரே நோயாளியைக் கொடுத்துவிடுகிறார். முடிவில் மாவு ஆலைக்குள் மாட்டிக்கொள்கிறார். சக்கரம் சுழல்கிறது, மேலேயிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது, ஆளை மூடுகிறது. ஒரு சொட்டு இரத்தமில்லை. பேய்ப்படத்தில் நாங்கள் பார்த்த மிகப் பயங்கரமான சாவு அதுதான்.

இரண்டாவதும் ஆலைதான். 'மில் ஒஃப் த ஸ்டோன் விமன்', 1960, இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து எடுத்தது, இயக்கியவர் ஜியோர்ஜியோ ஃபெரோனி. ஒல்லாந்து நாட்டில் ஒரு காற்றாலை. அதற்குள் பெண் சிலைகள் சுற்றிவரும் ஒரு ராட்டினம், ஊரார் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஆலையின் சொந்தக்காரர் ஒரு பேராசிரியர், அவருடைய மகளுக்குத் தீராத நோய். பெண்களைக் கடத்தி, அவர்களுடைய இரத்தத்தை ஏற்றி மகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இரத்தம் தீர்ந்த உடல்களைக் கல்லாக்கி ராட்டினத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கதை ஓட்டை ஒடிசல்தான், காதல் காட்சிகளை ஓட்டிவிட்டே பார்க்கலாம். ஆனால் உறிஞ்சி முடித்த பெண்களை அலங்கரித்து நிறுத்தி, மற்றவர்கள் பார்த்து ரசிக்கிற அந்தக் காட்சியைப் பார்த்ததும் எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இது தேயிலைப் பெட்டி." உலகம் முழுக்கப் போகிற பெட்டிகளில் கூடையோடு சிரிக்கிற கொழுந்துப் பெண். அதற்குப் பிறகு அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, ஹாமர் கம்பனி 1966இல் எடுத்த 'த ப்ளேக் ஒஃப் த ஸொம்பீஸ்', இயக்கம் ஜோன் கில்லிங். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கிராமம் ஒன்றில் ஆட்கள் காரணம் தெரியாமல் சாகிறார்கள், புதைத்த பெட்டியைத் திறந்தால் வெறுமை. ஊரின் நிலப்பிரபு ஹெயிட்டியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே படித்துக்கொண்டு வந்த மந்திரத்தால் செத்தவர்களை எழுப்பி, கைவிட்ட தகரச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறார். கூலியில்லை, சாப்பாடில்லை, சவுக்கு மட்டும். ஜோர்ஜ் ரோமரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' வருவதற்கு இரண்டு வருடம் முந்தின படம் இது. ரோமரோவுக்குப் பிறகு ஸொம்பி என்றால் ஆளைத் தின்கிற கூட்டம். அதற்கு முந்தின ஸொம்பி ஒரு தொழிலாளி.

இந்த இடத்தில் வரலாறு படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஸொம்பி நம்பிக்கை வளர்ந்தது ஹெயிட்டியில், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களிடையே. அவர்களுடைய பயம் பிணத்தைப் பார்த்து வந்த பயமில்லை. செத்த பிறகும் வேலையிலிருந்து விடுதலை கிடைக்காதோ என்ற பயம். படத்தில் அந்த வித்தையை ஒரு இங்கிலீஷ் பிரபு கடல் தாண்டிக் கொண்டுவருகிறார். இது வெறும் கற்பனையில்லை, நம்முடைய மலைக்கும் அப்படி ஒரு வித்தை வந்தது. ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்பவர் ஜமெய்க்காவில் கோப்பித் தோட்டம் நடத்தும் முறையைக் கற்றுக்கொண்டு 1837இல் இலங்கைக்கு வந்தார். மேற்கிந்திய முறை என்று சொல்லப்பட்ட அதுதான் கண்டிச் சீமையின் தோட்டங்களுக்கு அடிப்படையானது. அடிமை உழைப்பில் உருவான ஒரு முறை, பிரிட்டிஷ் பேரரசில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்ட கையோடு, தென்னிந்தியாவிலிருந்து ஆள் கூட்டி இங்கே நடந்தது. சங்கிலிக்குப் பதில் கடன். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதினார்கள், அந்தக் கடன் தீராமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக வழியில்லை. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான்.

ஆகவே ஹாமர் படத்தின் பிரபுவும் நம்முடைய ஆரம்பகாலத் துரைமாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை.

படத்தில் எங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. ஊரைக் காப்பாற்றுவது வெளியூரிலிருந்து வந்த மருத்துவப் பேராசிரியர். சுரங்கத்தில் உழைக்கிற பிணங்களுக்கு ஒரு வசனம் இல்லை. கடைசியில் சுரங்கம் தீப்பிடிக்கிறது, அவர்களும் அதோடு எரிகிறார்கள், பாட்டு வருகிறது, படம் முடிகிறது. எரிந்தவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கமெரா கேட்பதில்லை. திரையில் இருக்கிறவனிடம் நாம் போய்க் கேட்கவும் முடியாது. விளையாட்டில் முடியும். "நான் டொக்டரா வரமாட்டேன், சுரங்கத்துக்குள்ள இருக்கிறவனா வாறேன்" என்று சொன்னால் கதை நடத்துகிறவர் அதற்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும். படத்திலிருந்து விளையாட்டுக்குப் போகிறபோது மாறுவது இதுதான், எங்களுக்கு வேண்டியதும் இதுதான்.

அதனால் சொந்தமாக ஒரு ஆட்டம் எழுதத் தொடங்கினோம். காலம் 1870களின் கடைசி. 1869இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. இலையைப் புரட்டினால் அடியில் செம்மஞ்சள் தூள். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நாங்கள் இட்டுக்கட்டியிருக்க முடியாது. பக்கத்து மலையில் தேயிலை நடுகிறார்கள், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கியது மெல்லப் பரவுகிறது. செத்துக்கொண்டிருக்கிற ஒரு தோட்டம், கடனில் மூழ்கிய ஒரு துரை, ராத்திரியில் தானாகச் சுற்றுகிற ஒரு ஸ்டோர்.

ஸ்டோர் என்று வந்ததும் ஐரோப்பாவை விட்டுவிட்டோம். காரணம், ஆலைக்குள் இருக்கிற அமானுஷ்யம் நம்மிடமே இருக்கிறது. ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்த சொல். இயந்திரம் கையைக் காலை இழுத்துவிடக் கூடாது என்று ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் கும்பிடுகிற முனி. கவ்வாத்துக்கும் ஒரு சாமி உண்டு, கத்தி பிடிக்கிறவர்கள் கும்பிடுவது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், ஆனால் ரோதை முனி இங்கே பிறந்தவர். இயந்திரத்தைப் பார்த்துப் பயந்த இத்தாலிக்காரர்கள் ஆலைக்குள் ஒரு பைத்தியக்காரப் பேராசிரியரை வைத்தார்கள். நம்முடைய ஆட்கள் காவலுக்கு ஒரு முனியை வைத்தார்கள். எங்கள் ஆட்டத்தில் ரோதை முனி எதிரியில்லை. ஆனால் எப்போதும் உங்கள் பக்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

ஆட்டத்தின் கணக்கையும் தோட்டத்திலிருந்தே எடுத்தோம். வழக்கமாக இந்த விளையாட்டுகளில் உயிருக்குப் புள்ளி இருக்கும், அடி விழ விழ இறங்கும். எங்களிடம் 'பேர்'. ஒரு நாள் வேலை செக்ரோலில் பதிந்தால் ஒரு பேர். சொன்ன அளவு எடுக்காவிட்டால் அரைப்பேர். இந்தச் சொல்லை லயத்தில் பிறந்த எவரும் விளக்காமலே புரிந்துகொள்வார்கள். ஆட்டத்தில் உங்கள் பேர் பாதியாகும்போது மற்றவர்கள் உங்களைக் கூப்பிடுகிற பேரும் பாதியாகிறது. முத்துலெட்சுமி வெறும் முத்து ஆகிவிடுவாள். முழுசாகப் போய்விட்டால் ராத்திரி ஸ்டோரில் சக்கரம் சுற்றுகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.

கங்காணியை ஆட்டக்காரர் எடுக்கலாமா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. எடுக்கலாம் என்று முடிவானது. அவனும் தலைக்காசுக்கு ஊரை அழைத்து வந்தவன், அவனுக்கும் மேலே கடன் இருந்தது, அவனும் பங்களா வாசலில் தொப்பியைக் கழற்றியவன். துரையை எடுக்க முடியாது. அதில் விவாதமே வரவில்லை.

அதைவிடக் கடினமான கேள்வியை ஒரு நண்பன் கேட்டான். கோப்பிக் காலத்தில் கரையிறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தவர்களில் எத்தனையோ பேர் கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியை நினைத்து மக்கள் நடந்தார்கள். "அந்தச் செத்தவங்கள வச்சு நாம பகடை உருட்டுறதா?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு வாரம் எழுதாமல் விட்டோம்.

திரும்ப எழுதவைத்தது காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, நாள்கணக்கில் ஆடி, கடைசியில் காமனை எரிக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் முறை வேறுபடும். ஆடுகிறவர்கள் நேற்று வரைக்கும் பக்கத்துக் காம்பிராவில் இருந்த அண்ணன்மார்தான். காப்புக் கட்டியதும் ஒருவர் மன்மதன், ஒருவர் ரதி, ஒருவர் எமன், ஒருவர் வீரபத்திரன். மேடை கிடையாது, லயத்து வாசல்தான் களம், தப்புச் சத்தத்தில் எமன் ஓடிவரும்போது சின்னப்பிள்ளைகள் உண்மையாகவே அலறும். மன்மதன் எரிகிறான். ரதி ஒப்பாரி வைக்கிறாள். பார்க்கிற பெண்கள் அந்த ஒப்பாரியில் தங்கள் வீட்டுச் சாவுக்கும் சேர்த்து அழுகிறார்கள். அங்கே யாரும் சாவைக் கேலி செய்யவில்லை. வேடம் கட்டுவது அந்தச் சாவுக்கு ஒரு உடம்பு கொடுக்கிற வேலை. மினசோட்டாக்காரர்கள் 1970களில் கண்டுபிடித்ததை மாசி தவறாமல் ஆடிவந்த ஊர் இது என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தோம்.

ஆகவே ஒரு விதி சேர்ந்தது. டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸில் பாத்திரம் செத்தால் புதுத் தாளை எடுத்து இன்னொரு ஆளை எழுதிவிட்டுப் போய்விடலாம். எங்கள் ஆட்டத்தில் முடியாது. செத்தவருக்காக மற்றவர்களில் ஒருவர் ஒப்பாரி சொல்லவேண்டும், அந்த ஆளின் முழுப் பேரையும் ஊரையும் யாருடைய பிள்ளை என்பதையும் வைத்து. பாடத் தெரியாவிட்டால் பேசினாலும் போதும். அதுவரைக்கும் பகடையை யாரும் தொடக்கூடாது.

போன மாதம் முதல்தடவை முழுசாக ஆடிப் பார்த்தோம். மூன்று மணித்தியாலம் என்று கணக்குப் போட்டது ஐந்தரை மணித்தியாலம் ஆனது. ஒப்பாரிகள்தான் நேரத்தைத் தின்றன, ஆனால் அவற்றைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துண்டுக் கடனைக் கணக்குப் பார்க்கிற விதி மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. எப்படி மாற்றி எழுதினாலும் கடைசியில் ஆட்டக்காரர் எல்லாரும் கடனிலேயே நிற்கிறார்கள்.