நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

அபினிலிருந்து மார்ஃபின் வந்தது. மார்ஃபினிலிருந்து ஹெராயின் வந்தது. அதே அபினில் தீபெய்ன் என்றொரு பொருளும் உண்டு. அடிமைப்படுத்தாத வலிமருந்து ஒன்றை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இங்கிலாந்தின் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஹல் நகர ஆய்வகத்தில், வேதியியலாளர் ஜான் லூயிஸின் குழு 1966இல் புப்ரெனார்ஃபினை உருவாக்கியது.

மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். போதையை நிறுத்தியதும் வரும் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அடங்கும். அளவு கூடினாலும் மூச்சு அடங்குவது ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். அடிமைப்பட்டவருக்கு இதையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று 1978இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் டொனால்ட் ஜசின்ஸ்கி குழு ஆய்வு செய்து காட்டியது.

இந்தியாவில் இது முதலில் வலி ஊசியாகத்தான் பரவியது. சென்னை, டெல்லி, கொல்கத்தா தெருக்களில் ஹெராயினுக்குப் பதில் இதையே பலர் நரம்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட, எச்ஐவியும் கூடவே போனது. அந்தக் காலத்தில், 1993 வாக்கில், டெல்லியில் ஷரண் என்ற தொண்டு நிறுவனம் அதே மருந்தை நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கியது. போதையை விட்டுவிட்டு வா என்று நிபந்தனை போடாமல், தெருவில் கிடந்தவர்களைத் தேடிப் போய்க் கொடுத்தார்கள். இந்த நாட்டில் இந்த மாத்திரைச் சிகிச்சை பிறந்தது அப்படித்தான். 2005இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சில ஆண்டுகளில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் தன் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

இந்த மாத்திரை தரும் சிகிச்சை மையத்தில் நடப்பது எளிமையானது. நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார். சில நிமிடம் விழுங்காமல், பேசாமல் உட்கார வேண்டும். கரைந்துவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புவார். மறுநாளும் வர வேண்டும்.

அந்த ‘மறுநாளும்’தான் கிராமத்துக்காரரை விழத்தட்டுகிறது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்தில் சிக்கிய ஓர் இளைஞர் திண்டுக்கல் மாவட்டத்துச் சேவுகம்பட்டியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு இன்னொரு பஸ். நிலக்கோட்டைப் பக்கத்தில் அவர் கூலிக்குப் போகும் பூப்பறிப்பு விடியும் முன்பே தொடங்கிவிடும். தினமும் திண்டுக்கல் போய்வந்தால் கூலி போயிற்று. பக்கத்து மருந்துக்கடையிலும் கிடைக்காது. இந்தச் சிகிச்சைக்கான மாத்திரை அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாக மட்டுமே தரப்படுகிறது. இந்தியாவில் அபின் வகைப் போதைக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. எல்லோரும் நகரத்து மையத்தின் வாசலில் வந்து நிற்க முடியுமா?

வழி தெரியாத விஷயமில்லை இது. பிரான்ஸில் 1995 முதல் சாதாரணக் குடும்ப டாக்டரே இதை எழுதித் தரலாம் என்றார்கள்; 1999க்குள் ஹெராயின் அளவுமீறிச் சாவது 79 சதவீதம் குறைந்தது. பஞ்சாப் 2017இல் வெளிநோயாளி மையங்களைத் திறந்தது. நிலைபெற்றவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பவும் பிறகு அனுமதித்தது. ஊசியில் ஏற்றினால் வேதனை தரும் நலாக்சோனைச் சேர்த்த மாத்திரையும் இருப்பதால், வீட்டுக்குக் கொண்டுபோன மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சத்துக்கும் மருந்துண்டு. தமிழக அரசும் 2025இல் அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது.

அடுத்த படி சிறு நகரங்களின் அரசு மருத்துவமனைதான். நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டிலும் பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், பூட்டு போட்ட ஓர் அலமாரி, ஒழுங்கான பதிவேடு இருந்தால் போதும். சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் அதே ஆஸ்பத்திரி, இவரையும் நோயாளி என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். மருந்து பிறந்து அறுபது வருஷமாகிறது. சேவுகம்பட்டிக்காரருக்கு அது இனிமேல்தான் வந்து சேர வேண்டும்.