தோட்டம் பார்க்க வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு இயற்கைப் பண்ணைக்குப் போய்வரும் வழக்கம் இப்போது நம் ஊர்களில் வேர்பிடித்துவிட்டது. எந்தப் பண்ணைக்குப் போனாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். மர நிழலில் 200 லிட்டர் நீல டிரம், அதில் நுரைத்துக்கொண்டிருக்கும் ஜீவாமிர்தம். வாழைக்கு வட்டப்பாத்தி. மண்ணே கண்ணில் படாதபடி வைக்கோலும் சருகும் பரப்பிய மூடாக்கு. நிழலில் ஒரு மக்கு உரக் குவியல். புறப்படும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கு நாலு விதைப்பந்து. "எல்லாம் நம்ம தாத்தா காலத்து முறைதாங்க" என்பார் பண்ணைக்காரர்.

அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மை தாத்தாவின் வயலிலிருந்து நேரே நம் பண்ணைக்கு வந்து சேரவில்லை. நடுவில் இங்கிலாந்துக்குப் போனது, அமெரிக்காவில் அச்சேறியது, ஜப்பானிய மலைச்சரிவில் தங்கியது, டாஸ்மேனியாவில் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது, அதன்பிறகே ஊர் திரும்பியது. இத்தனை தூரமும் அதைச் சுமந்தவர்கள் உங்களையும் என்னையும் போல யாரோ ஒருவரின் தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள்.

முதல் விருந்தாளி 1889இல் வந்தார். பெயர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், தொழில் வேளாண் ரசாயனம். இந்திய விவசாயத்தை எப்படித் திருத்தலாம் என்று ஆலோசனை சொல்வதற்காக லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1893இல் அறிக்கை வெளியிட்டார். திருத்த வந்தவரின் அறிக்கையில் பாராட்டு நிறைந்திருந்தது. நல்ல இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவரல்ல, சில வகைகளில் மேலானவரும்கூட என்று எழுதினார். அவர் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. விறகு கிடைக்காததால், வயலுக்குப் போக வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். 1906இல் பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. இந்தியாவில் ரசாயன உரத்தின் கதை நம் பாலாற்றங்கரையில்தான் பிறந்தது.

1909இல் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாத மூன்று இடங்களில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃப்ரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். யூரியா மூட்டைக்கு மூலம் அந்தச் சொட்டுதான். கோயம்புத்தூரில் தொழுவுரம் ஒரு பாத்திக்கு, ரசாயன உரம் இன்னொரு பாத்திக்கு என்று ஆண்டுக்கணக்கில் இட்டு ஒப்பிடும் நிலையான உரச் சோதனை தொடங்கியது. மூன்றாவதாக, அமெரிக்க மண்ணியல் அறிஞர் ஃப்ராங்க்ளின் ஹிராம் கிங் சீனா, கொரியா, ஜப்பான் வயல்களைப் பார்க்கக் கப்பலேறினார்.

கிங்கின் மனதில் இருந்த கேள்வி எளிமையானது. அமெரிக்க நிலங்கள் சில தலைமுறைக்குள் சத்திழந்து போகின்றன, நாலாயிரம் ஆண்டுகளாக உழுத சீன நிலம் எப்படி இன்னும் சோறு போடுகிறது? பதில் அவர் கண்முன்னே இருந்தது. கால்வாய்ச் சேறு, சாம்பல், பயிர்த்தட்டை, மனிதக் கழிவு என எதையும் வீணாக்காமல் மக்கவைத்து மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதை எழுதி முடிக்குமுன் 1911இல் கிங் காலமானார். அவருடைய மனைவி கேரி அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கைவிடாமல் புத்தகமாக வெளியிட்டார். 'நாற்பது நூற்றாண்டுகளின் விவசாயிகள்' என்ற அந்தப் புத்தகத்தின் துணைத்தலைப்பில் 'நிலைத்த வேளாண்மை' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல் பின்னால் டாஸ்மேனியாவில் மீண்டும் தலைகாட்டும்.

அந்தப் புத்தகத்தை ஊன்றிப் படித்தவர்களில் ஒருவர், 1905 முதல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் பூச்சிமருந்தே அடிப்பதில்லை, ஆனாலும் பயிர் தெளிவாக நிற்கிறது என்பதைக் கவனித்தார். அன்று முதல் அந்த விவசாயிகளையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாக ஏற்றுக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். எங்கே பூச்சி விழுகிறதோ அங்கே மண்ணில் ஏதோ குறை என்பதுதான் அந்தப் பேராசிரியர்கள் நடத்திய பாடம். அவர் வளர்த்த எருதுகள், கோமாரி கண்ட பக்கத்துப் பண்ணை மாடுகளோடு வேலிக்கு மேலாக மூக்கை உரசியும் நோய்வாய்ப்படவில்லை. நல்ல மண், நல்ல தீவனம், நல்ல உடம்பு என்ற சங்கிலி அவர் மனதில் அங்கேதான் கோத்துக்கொண்டது.

1924இல் ஹோவர்ட் இந்தூருக்கு மாறினார். தாவரக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய தொழுவ மண், மரச்சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, காலம் பார்த்துப் புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் மக்கு உரம் தயார். சீனத்து மக்கு உரமும் இந்தியத் தொழுவமும் மேற்கத்திய ஆய்வுக்கூடமும் ஒரே குழியில் கலந்ததுதான் இந்தூர் முறை. ஹோவர்டின் மனைவி கேப்ரியேலும் தாவரவியலாளர். இந்த ஆராய்ச்சியில் பாதி அவருடையது. 1930இல் அவர் காலமானார். மறு ஆண்டு ஹோவர்ட் இந்தூர் முறையை விளக்கி வெளியிட்ட நூலின் இணையாசிரியர் யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயனர்.

அதன்பின் இந்தூர் முறையைப் பார்த்துச் செய்தவர்களுக்குக் கணக்கில்லை. கென்யாவின் காபித் தோட்டங்கள், அசாமின் தேயிலைத் தோட்டங்கள், இலங்கை மலையகம் என்று குழிகள் வெட்டப்பட்டன. அடுத்தமுறை பண்ணையில் மக்கு உரக் குவியலைப் பார்க்கும்போது இந்தூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டுகளில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு விதவிதமான இந்திய உணவுகளைக் கொடுத்து, உடம்பு தேறுவதையும் இளைப்பதையும் குறித்துக்கொண்டிருந்தார். கோவை வேளாண் ரசாயனர் விஸ்வநாத்தோடு சேர்ந்து 1926இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தொழுவுரத்தில் விளைந்த சிறுதானியத்துக்கு ரசாயன உரத்தில் விளைந்ததைவிட ஊட்டம் அதிகம் என்றது. நீலகிரியிலும் கோவையிலும் எழுந்த அந்தப் பேச்சு இங்கிலாந்து வரை கேட்டது. 1939 மார்ச்சில் செஷயர் மாவட்ட மருத்துவர்கள் கூட்டிய கூட்டத்தில் மெக்காரிசனும் ஹோவர்டும் ஒரே மேடையில் பேசினார்கள். ஹோவர்டின் 'வேளாண் சாசனம்' 1940இல் வந்தது. அதே ஆண்டில் நார்த்போர்ன் பிரபு, பண்ணை என்பது உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கும் ஓர் உடல் என்று வாதிட்டு, 'ஆர்கானிக்' வேளாண்மை என்ற சொல்லை வழக்கில் விட்டார். நம் பல்கலைக்கழகக் கையேடுகளில் வரும் 'அங்கக வேளாண்மை' அந்தச் சொல்லின் தமிழ்ப்பிள்ளை. ஈவ் பால்ஃபர் என்ற பெண்மணி 1943இல் 'உயிருள்ள மண்' என்ற நூலை எழுதினார். அதைப் படித்தவர்கள் கூடி 1946இல் மண் சங்கம் அமைத்தார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஹோவர்டைப் படித்து மயங்கியவர் மின்சாதன உற்பத்தியாளரான ஜே.ஐ. ரோடேல். உடனே பென்சில்வேனியாவில் நிலம் வாங்கினார். 1942இல் இயற்கை விவசாயத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கி, ஹோவர்டையே இணையாசிரியராக்கினார். விவசாயிகள் அதைச் சீண்டவில்லை. வீட்டுத்தோட்டம் போட்டவர்கள்தான் சந்தா கட்டி அதை வாழவைத்தார்கள். ரோடேலின் அச்சகத்துக்கு இந்தக் கதையில் இன்னொரு வேலையும் காத்திருந்தது.

அதற்கு ஜப்பானின் ஷிகோகு தீவுக்குப் போக வேண்டும். யோகோஹாமா துறைமுகத்தில் தாவர நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர் மசனோபு ஃபுகுவோகா, 1937இல் கடும் நிமோனியாவில் விழுந்து பிழைத்தார். பிழைத்தவர் வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினார். இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பில் கவாத்தை நிறுத்தினார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி ஏறியது, மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வழியில் வளர்ப்பது வேறு என்பது அந்த இழப்பில் அவர் கற்றது. பிறகொருநாள், உழாமல் கிடந்த தரிசு வயலில் புல்லுக்கும் வைக்கோலுக்கும் நடுவே நெல்நாற்றுகள் திடமாக முளைத்து நிற்பதைத் தற்செயலாகப் பார்த்தார். அவருடைய முறை முழுவதும் அந்த ஒரு காட்சியிலிருந்து கிளைத்ததுதான். உழவில்லை, தேங்கிய நீரில்லை. நிற்கும் பயிருக்குள்ளேயே அடுத்த போகத்து விதையைத் தூவுவார். அறுத்த வைக்கோல் அத்தனையும் வயலுக்கே திரும்பிப் போகும். தூவிய விதையைப் பறவை பொறுக்காமலிருக்கக் களிமண்ணில் பொதிந்து உருட்டினார்.

விதைப்பந்தின் நவீன அவதாரம் அதுதான். நெல்லைக் குருவியிடமிருந்து காக்கப் பிறந்த அந்த உருண்டைக்குள் இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் வேப்பங்கொட்டையையும் புங்கங்கொட்டையையும் வைத்து மழைக்கு முன் வீசுகிறார்கள். பருத்தி விதையைச் சாணியிலும் செம்மண்ணிலும் புரட்டி விதைத்த நம் கரிசல்காட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்கள்.

ஃபுகுவோகாவின் மலைத்தோப்பிலிருந்த மண் குடில்களில் உலகெங்குமிருந்து இளைஞர்கள் வந்து தங்கி வேலை செய்தார்கள். அப்படி வந்து சில ஆண்டுகள் தங்கிய அமெரிக்கர் லாரி கோர்ன், அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' ஆங்கிலத்தில் வரக் காரணமானார். 1978இல் அதை வெளியிட்டது ரோடேல் அச்சகம். பீகார் குடியானவரிடம் ஹோவர்ட் பாடம் கேட்டார், ஹோவர்டைப் படித்து ரோடேல் பத்திரிகை தொடங்கினார், அவருடைய அச்சகமே ஜப்பானிய விவசாயியை உலகுக்குக் கொண்டுபோனது.

அதே 1978இல் டாஸ்மேனியாவில் இன்னொரு புத்தகம் பிறந்தது. மீனவராகவும் வேட்டைக்காரராகவும் காட்டாய்வாளராகவும் வாழ்ந்துவிட்டுப் பல்கலைக்கழக ஆசிரியரான பில் மாலிசனும், டேவிட் ஹோம்கிரன் என்ற இளம் மாணவரும் சேர்ந்து எழுதியது. காட்டுக்கு யாரும் உரமிடுவதில்லை, ஆனாலும் அது வளர்கிறது. அப்படியானால் உயர்மரம், குறுமரம், புதர், கொடி, கிழங்கு என்று காட்டைப் போலவே அடுக்கடுக்காகத் தோட்டம் அமைத்தாலென்ன என்று கேட்டது. நிலைத்த வேளாண்மை என்ற பழைய சொல்லைச் சுருக்கிப் 'பெர்மாகல்ச்சர்' என்று பெயரிட்டார்கள். வெப்பமண்டலத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் படம் புதிதல்ல. தென்னை, பாக்கு, பலா, மிளகுக்கொடி, சேம்பு என்று அடுக்கி நிற்கும் கேரள வீட்டுத்தோட்டமும் ஜாவாவின் கொல்லைப்புறமும் அதே கட்டமைப்புத்தான். தானியத்தை எப்படி விளைவிப்பது என்ற கேள்விக்கு ஃபுகுவோகாவிடம் விடை கிடைத்ததை மாலிசன் தம் அடுத்த நூலில் மனமார ஒப்புக்கொண்டார்.

ஊர் திரும்பும் பயணம் பல வழிகளில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அருகே ரசூலியாவிலிருந்த பண்ணை, ஃபுகுவோகாவின் வழியை 'ரிஷி கேதி' என்ற பெயரில் பின்பற்றி, அவர் நூலுக்கு இந்தியப் பதிப்பும் கொண்டுவந்தது. 1980களின் பிற்பகுதியில் மாலிசன் தக்காணத்துக்கு வந்து, ஹைதராபாத் பக்கத்துப் பஸ்தாபூரில் பெர்மாகல்ச்சர் வகுப்பெடுத்தார். 2017இல் உலகப் பெர்மாகல்ச்சர் கூடுகையே ஹைதராபாத் பகுதியில்தான் நடந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பயணத்துக்கு முகம் கொடுத்தவர் நம்மாழ்வார். தஞ்சை இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அங்கே சொல்லப்படும் இடுபொருள் செலவு மானாவாரி விவசாயியை வாழவிடாது என்று கண்டு 1969இல் வேலையை விட்டார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' அவர் மனதைத் திருப்பியது. ஆரோவில்லில் பெல்ஜியத்துக்காரரான பெர்னார்டின் தோட்டத்தைப் போய்ப் பார்த்தது இன்னொரு திருப்பம். பார்க்கப் போனவர் பிறகு பார்க்க அழைப்பவரானார். 2009இல் கரூர் மாவட்டம் கடவூர் மலைகளுக்கிடையே, சுருமான்பட்டியின் வறண்ட கல்மண்ணில் வானகத்தைத் தொடங்கினார். யாரும் வரலாம், தங்கலாம், மண்வெட்டி பிடிக்கலாம். 2013 டிசம்பரில் மறைந்த அவர் அந்த மண்ணிலேயே உறங்குகிறார். பயிற்சிக்கு வருவோர் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

கைமாறும்போதெல்லாம் யாராவது எதையாவது சேர்த்தார்கள். கோயில் பிரசாதமான பஞ்சகவ்யத்தில் கொடுமுடி மருத்துவர் நடராஜன் வாழைப்பழமும் வெல்லமும் இளநீரும் கள்ளும் கூட்டிப் பயிருக்கான ஊக்கியாக்கினார். மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் ஜீவாமிர்தத்தை முகாம் முகாமாகக் கொண்டுபோனார்.

அவசரத்தில் மட்டும் இந்த முறை பயணிப்பதில்லை. ஒருகாலத்தில் இந்தூர் முறையை விரும்பிக் கற்ற இலங்கையில், 2021இல் ரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டது. நெல்லும் தேயிலையும் சரிந்தன, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. பழக்கம் மாற மண்ணுக்குச் சில ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும், கைவேலை கூடும். அதைத் தாங்கும் தைரியத்தை உத்தரவு தராது. தாங்கிக் காட்டிய ஒருவரின் வயலை நேரில் பார்ப்பதுதான் தரும்.

அடுத்த ஞாயிறு பண்ணைக்குப் போனால் அந்த நீல டிரம்முக்குப் பக்கத்தில் நின்று செய்முறையைக் கேளுங்கள். 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், அதன் சிறுநீர், வெல்லம், பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் என்று பண்ணைக்காரர் வரிசையாகச் சொல்வார். குறித்துக்கொண்டு வந்து நீங்களும் செய்யலாம். கடைசியாக ஒரு கைப்பிடி மண் போட வேண்டும் என்பார். அதை அவரிடம் கேட்டு வாங்கி வராதீர்கள். அந்த ஒரு பிடியை மட்டும் அவரவர் வரப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.