கிணற்று மோட்டாரும் மறைந்துபோன அடையாளங்களும்

கொங்கு நாட்டின் பாறைக் கிணறுகளில் மாடு பூட்டிய கவலையால் நீர் இறைத்த காலத்தில், தோற்பை கிழிந்தாலும் வடம் இற்றாலும் ஓட்டுபவரின் கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மின்கம்பிகள் கோவை வட்டாரத்தை எட்டியபின், கவலையின் இடத்தை மையவிலக்கு பம்பு படிப்படியாகப் பிடித்துக்கொண்டதால், தேயக்கூடிய முதன்மை உறுப்பு வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் மறைந்தது. அதுவே இம்பெல்லர், அதாவது மையத்தில் நுழையும் நீரைச் சுழற்றி விளிம்பை நோக்கி வீசும் இதழ்ச் சக்கரம்.

அதன் திறன் இதழின் வடிவத்தையே பெரிதும் சார்ந்தது என்பதை, 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஜான் அப்போல்டு காட்டிய பம்பு உறுதிப்படுத்தியது. வளைந்த இதழ்கள் 68 விழுக்காட்டுத் திறன் தந்த சோதனையில் நேரான ஆரை இதழ்கள் 24 விழுக்காடே தந்தன. எனவே மணலால் அரிக்கப்பட்டு இதழ் மெலியும்போது, மோட்டார் வழக்கம்போலச் சுழன்றாலும் வாய்க்காலில் விழும் நீர் குறைகிறது.

உறிஞ்சுகுழாய் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது என்பதால், ஆழமான கிணறுகளில் பம்பைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டிப் பொருத்தினர். அதை ஓட்ட இறங்கியவருக்குக் காதே கருவியாயிற்று. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மிகக் குறையும்போது, நீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழிகளாகி, அழுத்தம் மிகுந்த பகுதியை அடைந்ததும் அவை நொறுங்கி உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கின்றன. குழிவாக்கம் எனப்படும் இதன் ஒலி கூட்டுக்குள் சரளைக்கற்கள் உருள்வது போன்றது. அரிப்பு ஒருபக்கமாக மிகுந்தால் சக்கரம் சமநிலை இழந்து, அதிர்வு பேரிங்கையும் கெடுக்கும். நீர் குறைவதை மட்டும் கொண்டு இம்பெல்லரைப் பழிப்பது தவறு. ஃபுட்வால்வு என்னும் அடிவால்வு அடைபட்டாலும், குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் அதே குறை தோன்றும்.

ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் பரவியபோது ஒலி நிலத்தடியில் அடங்கிவிட, ஸ்டார்ட்டர் பெட்டியின் ஆம்பியர் மீட்டரே எஞ்சியது. இதழ் தேய்ந்து சுமை குறைந்தால் முள் தாழலாம், சக்கரம் கூட்டில் உரசினால் உயரலாம். ஆனால் கிணற்றில் நீர் வற்றினாலும் முள் தாழும் என்பதால் அது காதைவிட ஐயத்துக்குரிய சாட்சி. பல இம்பெல்லர்கள் அடுக்கடுக்காக அமைந்த இப்பம்பில் தேய்மானம் எல்லா அடுக்குகளிலும் பரவுவதால், சரிவு மெதுவாகவே புலப்படும். பாசன மின்சாரம் இலவசமானபின், அதே நீருக்குக் கூடுதல் மின்சாரம் செலவாவதைக் காட்டியிருக்கக்கூடிய கட்டணச் சீட்டும் இல்லாமற்போனது. பல நூறு அடி ஆழத்திலிருந்து குழாயைத் துண்டுதுண்டாகக் கழற்றி மோட்டாரைத் தூக்குவது பெருஞ்செலவு என்பதால், நீர் ஏறக்குறைய நிற்கும்வரை காத்திருப்பது உழவர்க்கு வழக்கமாகிவிட்டது.