பொம்மைத் துப்பாக்கிதானே... பொது இடத்தில் காட்டினால் வழக்கு பாயுமா? சட்டம் சொல்வது என்ன?

தேர்க்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கி, தீபாவளிக்கு வாங்கிய கேப் துப்பாக்கி... வீட்டுக்குள் இருக்கும் வரை விளையாட்டுதான். அதையே எடுத்துக்கொண்டு, பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் அவிநாசிபாளையத்தில் நின்று ரீல்ஸ் எடுத்தால்?

வைத்திருந்தாலே குற்றமா?

இல்லை. விளையாட்டுப் பொம்மையைக் கையில் வைத்திருப்பதற்காக மட்டும் தண்டிக்கும் பிரிவு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் கிடையாது. ஆனால், 'போலித் துப்பாக்கி' என்றால் என்ன என்பதை அதன் 6-வது பிரிவு சொல்கிறது. குண்டு பாயுதோ இல்லையோ, பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருந்தால் போதும்.

எப்போது சிக்கல்?

* யாரையாவது நோக்கி நீட்டி மிரட்டினால்: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 351-ன் கீழ் 2 ஆண்டு வரை சிறை. கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை.
* கைதாகாமல் தப்பிக்க போலீஸிடம் காட்டினால்: ஆயுதச் சட்டம் பிரிவு 28. பொம்மையாக இருந்தாலும் 7 ஆண்டு வரை சிறை, அபராதம்.
* போலியை நிஜத் துப்பாக்கியாக மாற்றினால்: 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

"சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்று சொன்னாலும், எதிரில் இருந்தவர் நிஜமாகவே பயந்தாரா, மிரட்டும் நோக்கம் இருந்ததா என்பதைத்தான் போலீஸ் விசாரிக்கும்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணுமா?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, சுடும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் கட்டாயம். அதற்குக் கீழே என்றாலும், கவனமில்லாமல் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் பிரிவு 125 பாயும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கோவை விமான நிலையம் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் எடுத்துச் செல்லக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது சிறுவன் டாமிர் ரைஸை போலீஸ்காரர் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்துபோனான். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு நிஜமும் பொம்மையும் ஒன்றுதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* நிஜம் போலத் தெரியாத, பளிச்சென்ற நிறப் பொம்மையாக வாங்கிக் கொடுங்கள்.
* வெளியே எடுத்துப் போனால் பைக்குள் வையுங்கள்.
* போலீஸ் நிறுத்தினால் உடனே கீழே வைத்துவிட்டு, கை தெரியும்படி நிற்கச் சொல்லிக் கொடுங்கள்.