யூனிவர்சல் ஸ்டூடியோசில் ஒரு நாள்: காலும் வலிக்காமல், காத்திருந்தும் களைக்காமல்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஜோகூர் கடற்பாலத்தின் இரு பக்கமும் உள்ள குடும்பங்கள் பல, செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்குச் செல்லத் திட்டமிடுகின்றன. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை சேர்ந்து சென்றால் நுழைவுச்சீட்டுக்கே கணிசமான தொகை ஆகிவிடும். அவ்வளவு செலவழித்தும், நாள் முடிவில் இரண்டு மூன்று சவாரிகளோடு திரும்பி, மறுநாள் முழுவதும் மூட்டுவலியோடு படுத்திருப்போர் உண்டு.

பூங்காவில் நேரத்தையும் தெம்பையும் உறிஞ்சுபவை இரண்டு: நடை, காத்திருப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். கூட்டம் இல்லாத சவாரியைத் தேடி ஓடினால் நடை கூடுகிறது. நடையைக் குறைக்க, எதிர்ப்படும் சவாரியிலெல்லாம் நின்றால் காத்திருப்பு கூடுகிறது. யாருக்கு எது கடினம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்வதுதான் திட்டமிடலின் முதல் படி.

பூங்கா ஒரு வளையம்

2010ல் வருகையாளர்களுக்குத் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா ஏறத்தாழ 20 ஹெக்டர் பரப்பில், ஒரு செயற்கை ஏரியைச் சுற்றி அமைந்துள்ளது. நுழைவாயில் ஹாலிவுட் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் சென்றால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே என வரிசையாக வரும். கடைசியில் மினியன் லேண்ட். முன்பு மடகாஸ்கர் வட்டாரம் இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் இது திறக்கப்பட்டது.

கூட்டத்தை அதிகம் ஈர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியும் மினியன் லேண்டும் வாயிலுக்கு இரு பக்கமும் உள்ளன. காலையில் கதவு திறந்ததும் பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றை நோக்கித்தான் விரைகிறார்கள். ஏரிக்கு அப்பால் உள்ள வட்டாரங்களில் அந்த நேரத்தில் நடமாட்டம் குறைவு. ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. திறப்பதற்கு முன்பே வாயிலில் நின்று, ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அங்குள்ள பெரிய சவாரிகளை முடித்துவிடலாம். தாமதமாக வருவோர் மறுகோடிக்குச் சென்று, கூட்டம் வந்து சேரும் முன் அங்குள்ளவற்றைப் பார்த்துவிடலாம். இரு பக்கத்துக்கும் மாறி மாறி ஓடுவதுதான் வீண் அலைச்சல்.

நீளமான வரிசை ஏமாற்றும்

வரிசையின் நீளத்தைப் பார்த்துக் காத்திருப்பை மதிப்பிட முடியாது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த விதி இதை விளக்கும். வரிசையில் நிற்போர் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் சவாரியில் ஏறுவோர் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 300 பேர் நிற்கும் வரிசையில் மணிக்கு 1,200 பேர் ஏறினால் 15 நிமிடத்தில் முறை வந்துவிடும். அதே 300 பேர் நிற்க, மணிக்கு 300 பேர்தான் ஏற முடியும் என்றால் ஒரு மணி நேரம் ஆகும்.

லாஸ்ட் வேர்ல்டில் உள்ள கேனப்பி ஃபிளையர் இரண்டாம் வகை. அதன் ஒவ்வொரு தொங்கும் வண்டியிலும் நான்கு பேர்தான் அமரலாம். வரிசை சிறிதாகத் தெரிந்தாலும் மெல்லத்தான் நகரும். இத்தகைய சவாரிகளைக் காலையிலேயே முடிப்பது நல்லது. பூங்காவின் செயலியும் வாயில்களில் உள்ள பலகைகளும் காட்டும் காத்திருப்பு நேரத்தைப் பார்த்த பிறகே அடியெடுத்து வைக்கவேண்டும்.

மழை வந்தால் கணக்கு மாறும்

சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளிச் சவாரிகள் நிறுத்தப்படும். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, கேனப்பி ஃபிளையர், ஜுராசிக் பார்க் படகுச் சவாரி ஆகியவை அந்த வகை. இவற்றை நண்பகலுக்கு முன் முடித்துவிட்டால் கவலையில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி ஆகியவை கூரைக்குள் நடப்பவை.

ஆனால் மழை தொடங்கியதும் எல்லோரும் கூரைக்குள் ஓடுவதால் அங்கு வரிசை நீளும். மேகம் கறுக்கும்போதே உள்ளே சென்றுவிடுவோருக்குத்தான் லாபம்.

படகுச் சவாரியில் உடை நனையும். ஈரக் காலுறையோடு நாள் முழுவதும் நடந்தால் பாதத்தில் கொப்புளம் வரும். மழைச்சட்டையும் மாற்றுக் காலுறையும் பையில் இருக்கட்டும்.

நிற்பது ஓய்வாகாது

‘பாட்டி நடக்க வேண்டாம், வரிசையில் நின்றால் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ள உதவுகின்றன. ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த உதவி குறைந்து, கால் கனத்து வீங்குகிறது. மூத்தோருக்கு அரை மணி நேர நடையைவிட அரை மணி நேரம் நிற்பது கடினமாக இருக்கலாம். உட்கார்ந்தால்தான் ஓய்வு.

அதற்கு நிகழ்ச்சிகள் உதவும். லாஸ்ட் வேர்ல்டில் நடக்கும் வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சிக்கும், ஃபார் ஃபார் அவேயில் உள்ள ஷ்ரெக் 4-டி காட்சிக்கும் இருக்கை உண்டு. வாட்டர்வேர்ல்ட் காட்சி நேரத்தை அன்று காலையிலேயே பார்த்து, நாளின் மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமைக்கலாம்.

குடும்பம் முழுவதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் பேட்டில்ஸ்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்சுக்கும் செல்லட்டும். அந்த நேரத்தில் தாத்தா பாட்டி சிறிய பேரனுடன் பக்கத்தில் நியூயார்க் வட்டாரத்தில் உள்ள செசமி ஸ்ட்ரீட் சவாரியில் ஏறலாம். பிறகு எல்லோரும் வாட்டர்வேர்ல்ட் வாசலில் கூடலாம். இப்படிச் செய்தால் மூத்தோர் வளையத்தை ஒருமுறை சுற்றினாலே போதும். நாள் முழுவதும் பைகளைக் காத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் பூங்காவில் வாடகைக்குக் கிடைக்கும்.

எக்ஸ்பிரஸ் சீட்டு யாருக்கு?

நுழைவுச்சீட்டுக்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் சீட்டு, காத்திருப்பைக் குறைக்கும். அதில் சேர்க்கப்பட்ட சவாரி ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஏறுவதற்கு ஒரு வகை, எத்தனை முறையும் ஏறுவதற்கு மற்றொரு வகை. விலை நாளைப் பொறுத்து மாறும்.

அது நடையைக் குறைப்பதில்லை. காத்திருப்பு குறைவதால் அடுத்தடுத்த சவாரிக்கு நடக்கவேண்டியிருக்கும். ஆகவே ஓடியாடும் இளையர்களுக்கு மட்டும் அதை வாங்கினால் போதும். விடுமுறை இல்லாத வாரநாளில் செல்வோருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சில சவாரிகளில் தனியாக ஏறுவோருக்கென வேறு வரிசை உண்டு. பிரிந்து உட்காரத் தயங்காதவர்கள் கூடுதல் செலவின்றி அதில் சீக்கிரம் ஏறலாம்.

புறப்படும் முன்

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளவேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்சுக்குக் குறைந்தது 102 சென்டிமீட்டரும், மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டரும், பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்டிமீட்டரும் தேவை. ஒரு மணி நேரம் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகை அன்றைய நாளையே கெடுத்துவிடும்.

வரும் வழியையும் நடைக்கணக்கில் சேர்க்கவேண்டும். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து செந்தோசா நடைபாலம் வழியாக நடந்தே வரலாம். மூத்தோர் உடன் இருந்தால் விவோசிட்டி மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி, ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையத்தில் இறங்குவது எளிது. பூங்கா திறக்கும், மூடும் நேரங்கள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முந்தைய நாள் இரவு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.