மருத்துவ ஆய்வுக்கட்டுரையின் வடிவம் உருவான கதை

மருத்துவ ஆய்வுக்கட்டுரை அறிமுகம், ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்னும் நான்கு பகுதிகளாக அமைய வேண்டும், மேற்கோள்கள் வரிசை எண்ணிட்டுத் தரப்பட வேண்டும், ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அறிவிக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் இன்று பட்டமேற்படிப்பு மாணவரும் அறிந்தவையாகிவிட்டமையால், அவை என்றும் இருந்துவந்தவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நிலைபெற்றன. எழுதியவரின் தகுதியை வைத்துக் கட்டுரையை நம்பிய வழக்கம் மெல்லத் தளர்ந்து, அவரை அறியாத ஒருவரும் கட்டுரையைக் கொண்டே ஆய்வைச் சரிபார்க்க இயல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுப்பெற்றதையே இவ்விதிகளின் வரலாறு காட்டுகிறது.

பழைய வழக்கத்துக்கு ரொனால்டு ராஸின் கட்டுரை தக்க சான்று. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியின் குருதியை உண்ட கொசுவின் இரைப்பைச் சுவரில், மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களை ராஸ் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த அவருடைய கட்டுரை இரண்டே இரண்டு கொசுக்களைப் பற்றியது என்பதை அதன் தலைப்பே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. தாம் கண்டதை ராஸ் படைமருத்துவர் ஜான் ஸ்மித்திடம் காட்டினார். ஸ்மித்தின் உறுதிமொழிக் குறிப்பு கட்டுரையுடன் அச்சேறியது. லண்டனிலிருந்த பேட்ரிக் மேன்சனுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து அவர் கூறிய கருத்தும் உடன் இடம்பெற்றது. கட்டுரையின் நம்பகத்தன்மை அதன் அமைப்பைக் காட்டிலும், பெயர் சொல்லி முன்வந்து சாட்சி கூறியவர்களையே சார்ந்திருந்தது. மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறிய வட்டத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. ஆய்வுகளும் ஆய்விதழ்களும் பெருகிய பின்னர் அது போதவில்லை.

நான்கு பகுதி அமைப்பு முன்னணிப் பொதுமருத்துவ இதழ்களில் 1940களில்தான் தலைகாட்டியது. 1970களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இடம்பெற்று, 1980களில் மூல ஆய்வுக்கட்டுரைக்குரிய ஒரே வடிவமாயிற்று. 1948 அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வறிக்கையை வாசிப்பவருக்கு இம்மாற்றத்தின் தேவை தெளிவாகும். காசநோயாளிகள் 107 பேரை மருந்து பெறுவோர், பெறாதோர் என இரு பிரிவாக்கிய அந்த ஆய்வில், யார் எப்பிரிவில் சேர்வார் என்பதை மருத்துவர் முன்கூட்டியே அறிய முடியாதவாறு, புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த எதேச்சை எண்வரிசை, முத்திரையிட்ட உறைகளில் வைக்கப்பட்டது. முடிவு நம்பத்தக்கதா என்பதை இந்தப் பகிர்வு முறையே தீர்மானித்ததால், அதை விரிவாக விளக்காமல் முடிவை மட்டும் சொல்வதில் பயன் இல்லை. ஆய்வுமுறைப் பகுதி கட்டுரையின் முதுகெலும்பானதற்கு இத்தகைய ஆய்வுகளே முதற்காரணம் எனலாம். இவ்வடிவம் ஆய்வாளரின் சிந்தனை நடந்த வழியை மறைத்துப் பொய்த்தோற்றம் தருகிறது என்று, நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர் 1963இல் கடுமையாகக் குறைகூறினார். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், எண்ணம் பிறந்த விதத்தை அறிவதைவிட ஆய்வு நடந்த விதத்தை அறிவதே நோயாளிக்கு மருந்து எழுதித் தருபவருக்கு இன்றியமையாதது என்பதால், மருத்துவத்தைப் பொறுத்தவரை வடிவத்தின் பக்கமே நியாயம் மிகுதி.

கட்டுரையின் புறத்தோற்றத்தை ஒழுங்குபடுத்திய முயற்சி இதைவிட எளிய, ஆனால் பலரை அன்றாடம் வருத்திய ஒரு சிக்கலிலிருந்து பிறந்தது. கணினி வருவதற்கு முன் கட்டுரை முழுவதும் தட்டச்சுப் பொறியில் அடிக்கப்பட்டது. மேற்கோள் தரும் முறையோ இதழுக்கு இதழ் வேறுபட்டது. ஓர் இதழ் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாசகத்திலேயே குறித்து, இறுதியில் அகரவரிசைப் பட்டியல் கேட்கும். மற்றொன்று எண்களைக் கேட்கும். அரைப்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதிலும் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. ஓர் இதழ் மறுத்த கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டுமாயின், ஆய்வில் ஓர் எழுத்தும் மாறாதபோதும், மேற்கோள்கள் அனைத்தையும் மாற்றியமைத்து மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது. ஆய்வாளரின் பெயருக்குப் பின்னால் நின்ற தட்டச்சர்களே இந்த உழைப்பின் பெரும்பகுதியைச் சுமந்தார்கள். மருத்துவ இதழியல் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க 1978 ஜனவரியில் பொதுமருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். வான்கூவர் குழு எனப் பெயர்பெற்ற அவர்கள் வகுத்த விதிகள், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கிய மேற்கோள் வடிவங்களுடன் 1979இல் வெளியாயின. இரட்டை வரி இடைவெளி, ஒவ்வொரு பகுதிக்கும் புதிய பக்கம், மேற்கோள்களுக்கு அவை வாசகத்தில் முதலில் வரும் வரிசையிலேயே எண் என்பன அவ்விதிகளுள் சில. இதழ்களின் பெயர்ச் சுருக்கங்கள், ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணையான இண்டெக்ஸ் மெடிக்கஸின் வழக்கைப் பின்பற்ற வேண்டியிருந்தது. விதிகளைவிட அவற்றுடன் தரப்பட்ட வாக்குறுதியே முக்கியமானது: இவ்வடிவில் வரும் கட்டுரையை, நடை மாற்றம் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், பங்கேற்கும் இதழ்கள் பரிசீலனைக்கு ஏற்கும். அச்சில் எப்படி வெளியிடுவது என்பதில் இதழ்களின் உரிமை அப்படியே இருந்தது. 1990களின் பிற்பகுதிக்குள் 500க்கும் மேற்பட்ட இதழ்கள் இவ்விதிகளை ஏற்றிருந்தன. குழுவும் விரிந்து மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாயிற்று.

தட்டச்சுக்காகக் கூடிய குழு, விரைவிலேயே ஆசிரியர் என்பவர் யார் என்ற வினாவை எதிர்கொண்டது. 1956இல் மதராஸில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே அளிக்கும் சிகிச்சையையும் சானடோரியத்தில் தங்கவைத்து அளிக்கும் சிகிச்சையையும் ஒப்பிட்ட தன் ஆய்வை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டபோது, தொண்ணூறு பக்கத்துக்கும் மேல் நீண்ட அக்கட்டுரைக்கு ஆசிரியர் இடத்தில் நின்றது மையத்தின் பெயரே. கூட்டு உழைப்பைக் கூட்டாக உரிமை கொண்டாடிய அந்த வழக்கத்தில் ஒரு கண்ணியம் இருந்தது. ஆனால் வேலையும் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையைச் சார்ந்து அமையத் தொடங்கியதும் பெயர்ப் பட்டியல்கள் நீண்டன. துறைத்தலைவர் பெயரை மரியாதை கருதிச் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. ஹார்வர்டில் இதயநோய் ஆய்வு செய்த ஜான் டார்சி தரவுகளைப் புனைந்தது 1981இல் வெளிப்பட்டபோது, அவர் கட்டுரைகளில் உடன்பெயர் பெற்றவர்கள் தரவுகளைப் பார்த்தார்களா என்ற கேள்வி பலமாக எழுந்தது. ஆய்வை வடிவமைத்தலிலோ தரவைப் பகுத்தாய்தலிலோ பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல் ஆகிய மூன்றும் உடையவரே ஆசிரியர் என்று 1985இல் குழு வரையறுத்தது; கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல் என்னும் நான்காவது நிபந்தனை 2013இல் சேர்ந்தது.

வெளிவல்லுநரிடம் கட்டுரையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் மதிப்பாய்வு முறை பதினெட்டாம் நூற்றாண்டின் எடின்பரோவிலேயே தொடங்கியதாயினும், எல்லா இதழ்களும் அதை ஒரே வேகத்தில் ஏற்கவில்லை. 1823இல் தாமஸ் வேக்லி நிறுவிய லான்செட் அதை முறையாகக் கைக்கொண்டது 1970களில்தான்.

விதிகள் கட்டுரைக்கு வெளியேயும் நீண்டன. மருந்து பயனளிக்கவில்லை என்று காட்டிய ஆய்வுகள் அச்சேறாமலே மறைந்துபோனதால், அச்சேறியவற்றை மட்டும் வாசித்த மருத்துவர் அம்மருந்தின் திறனை மிகையாக மதிப்பிட நேர்ந்தது. இதைத் தடுக்க, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்படாத மருத்துவச் சோதனையின் கட்டுரையைப் பரிசீலிக்க மாட்டோம் என்று பன்னாட்டுக் குழு 2004இல் அறிவித்தது. விதி 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் மருத்துவச் சோதனைப் பதிவேடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தில் 2007 ஜூலையில் தொடங்கப்பட்டு, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அன்றிலிருந்து, இந்தியாவில் சோதனை நடத்த முனையும் ஆய்வாளர், எதை அளக்கப் போகிறார், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார் என்பனவற்றை, கட்டுரையின் முதல் வரியை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எவரும் பார்க்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டியவரானார்.